முப்பத்தொன்றாம் வேகன்

பெலாச்சுவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் டிரே டாவா நகரம் முழுக்க விளக்கு வைத்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. இதை அவன் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. இருபது வருஷமாக முகத்துக்கு நேராகவே சொல்லி வருகிறேன். ரயில்காரர்கள் குடியிருக்கும் கெஸிராப் பேட்டையில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே சந்தில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. அவன் வீட்டில் காபிக்கொட்டை வறுக்கும் வாசனை எனக்கு வரும். என் வீட்டுச் சண்டை அவனுக்குப் போகும். வேலையிலும் அதே கதைதான். அவன் சரக்கு ரயில் ஓட்டுகிறவன். நான், முலுநேஷ், ஸ்டேஷன் மாடியில் கன்ட்ரோல் அறையில் ரேடியோவைக் காதில் மாட்டிக்கொண்டு, எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்கிறவள்.

ரயில் ஓட்டுகிறவனுக்கு என்ன பயம் என்று கேட்காதீர்கள். பஜாஜ் ஆட்டோவில் ஏறினால் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவாப்பா" என்று வழியெல்லாம் கத்துவான். மணல் ஆற்றில் வெள்ளம் வரும் என்று வானொலியில் சொன்னால், ஆற்றுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டில் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றுவான். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் பெரிய சடங்கே நடக்கும். இரண்டு விரலை நீட்டி அடுப்பைக் காட்டி, "கேஸ், மூடியாச்சு, சரி!" என்பான். ஜன்னலைக் காட்டி, "ஜன்னல், மூடியாச்சு, சரி!" என்பான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

அது சீனாவில் பத்து மாதப் பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்தது. அங்கே டிரைவர் ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண் பார்த்தால் போதாது. வாய் "சரி" என்று சொல்லாத வரைக்கும் அந்த வேலை முடியவில்லை என்று கணக்கு. மற்ற டிரைவர்கள் மேலதிகாரி எஞ்சினில் இருந்தால் மட்டும் செய்வார்கள். இவனுக்கோ தாகத்தில் தவித்தவனுக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. தக்காளி வாங்கினாலும் எண்ணிக்கொண்டே விரல் நீட்டினான். அவன் மனைவி அஸ்கலே என்னிடம் சொல்வாள்: "இந்த வித்தை கல்யாணத்தன்னைக்கே தெரிஞ்சிருந்தா, பாதிரியாருக்கு முன்னாடி என்னையும் காட்டி 'பொண்டாட்டி, சரி!'ன்னு கத்தியிருப்பாரு அக்கா."

அவன் பயத்துக்கு ஒரு வேர் உண்டு. அவன் அப்பா அஸ்ராத் பழைய மீட்டர்கேஜ் ரயிலில் பிரேக் பிடிக்கிற ஆள். ஒரு நாள் அவர் வண்டி கீழ்ச் சமவெளியில் ஒரு பால் ஒட்டகத்தை அடித்துவிட்டது. அப்போது மேலே இருந்த வெளிநாட்டு அதிகாரி, "ஒட்டகம்தானே, போ" என்றான். போய்விட்டார்கள். நாலாம் நாள் அதே இடத்தில் தண்டவாளத்து ஆணிகள் பிடுங்கப்பட்டிருந்தன, வண்டி கவிழ்ந்தது. அஸ்ராத் இடுப்பு உடைந்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தக் கட்டில் பக்கத்தில் வளர்ந்தவன் பெலாச்சு. ரயிலே வேண்டாம் என்று ஓடியிருக்கலாம். ஆனால் கெஸிராவில் பிறந்தவனுக்கு ரயிலை விட்டால் வேறு என்ன தெரியும்?

புது மின்சார ரயிலைச் சீனர்கள் கட்டினார்கள், அவர்களே சில வருஷம் ஓட்டினார்கள், எங்கள் ஆட்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு ஒரு நாள் ஸ்டேஷன் வாசலில் பந்தல் போட்டு, எல்லாவற்றையும் எங்கள் கையில் ஒப்படைத்தார்கள். மந்திரி ஒருவர் வந்து பேசினார். "இனிமேல் நாம் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உலகத்தின் பெரிய மேசையில் நமக்கும் நாற்காலி போட்டுவிட்டார்கள்" என்றார். நாற்காலி போட்டது சந்தோஷம்தான். எங்கள் சந்தில் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறது, அதையும் அந்த மேசையில் யாராவது பேசினால் தேவலை. முன்பு ஐரோப்பாக்காரன் பேச்சுக்குத் தலையாட்டினோம். பிறகு சீனாக்காரன். இப்போது வளைகுடாக்காரன் ஒரு பக்கம் வருகிறான், துருக்கிக்காரன் ஒரு பக்கம் வருகிறான், எல்லாரும் நம்மைத் தேடி வருகிறார்கள் என்று மந்திரிக்குப் பெருமை. யார் வந்தால் என்ன, சரக்கை இழுக்கப் போவது பெலாச்சுதான். அவனோ பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தல் கால்களை ஒவ்வொன்றாக விரலால் காட்டி, "கால், சரி!" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

பயம் வரத்தானே செய்யும். பந்தலைப் பிரிக்கும் முன்பே நிபந்தனையைச் சொல்லிவிட்டார்கள். தொண்ணூறு நாள் சோதனை. அதற்குள் டிரைவர் செய்த தவறால் ஏதாவது ஒரு வண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வழியில் நின்றால் அது பெருந்தவறு. ஒன்றே ஒன்று போதும். வெளிநாட்டு டிரைவர்களைத் திரும்ப அழைப்பார்கள், எங்கள் ஆட்கள் நாற்பது பேரும் பழையபடி பக்கத்து இருக்கைக்குப் போவார்கள். தவறு செய்தவன் அதற்குப் பிறகு ரயில் ஓட்டவே மாட்டான்.

பெலாச்சுவுக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் பெயர் மா. நாங்கள் மா வாத்தியார் என்போம். பெலாச்சுவை விட ஏழு வயது சின்னவர். பார்த்தால் வாத்தியார்தான் மாணவனுக்குத் தம்பி மாதிரி இருப்பார். அவரை அடுத்து இந்தோனேசியாவுக்கு அனுப்புகிறார்கள் என்றார்கள். போகிற அன்று தன்னுடைய வெந்நீர் பிளாஸ்கை பெலாச்சு கையில் கொடுத்து, எங்கள் அம்ஹாரிக் மொழியை உடைத்து உடைத்துச் சொன்னார்: "ஒட்டகம் அடிச்சா இறங்காதே. பிரஷர் பாரு. சரியா இருந்தா போ. நின்னா நீ செத்தே."

சீனர்கள் கொடுத்த விதிப் புத்தகத்திலும் அதுதான் இருந்தது. மிருகம் மோதி வண்டி நின்றால், பிரேக்கின் காற்றழுத்தத்தை மீட்டரில் பார். சரியாக இருந்தால் உடனே கிளம்பு. அடுத்த ஸ்டேஷனில் எழுதிக்கொடு. ஒட்டகத்துக்கு ஈடு ஆபீஸ் கொடுக்கும். நானும் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தவள்தான்.

அறுபத்து மூன்றாம் நாள், மதியம், நான் பருப்பு அடைத்துப் பொரித்த சம்புசாவைப் பிட்டு வாயில் போடும் நேரம் ரேடியோ கரகரத்தது. துறைமுகத்திலிருந்து உரம் ஏற்றிக்கொண்டு முப்பத்தைந்து வேகனோடு மேலே வந்துகொண்டிருந்தான் பெலாச்சு. அடிகலா ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், வெட்டவெளி.

"முலு... முலு... இடிச்சுட்டேன்."

"என்னத்த?"

"ஒட்டகம். மணல் காத்து, முன்னாடி ஒண்ணுமே தெரியல. ஹாரன் அடிச்சேன். முழு பிரேக்கும் போட்டேன். வண்டி இப்பத்தான் நின்னுச்சு."

"ஆளுக்கு ஏதாவது?"

"செவப்பா ஒண்ணு ஜன்னலத் தாண்டிப் பறந்துச்சு. ரோப்லேயும் பாத்தான்" என்றான்.

ரோப்லே அவனுடைய உதவி டிரைவர். சோமாலி, அந்தச் சமவெளியில் பிறந்தவன், தடித்த உடம்பு, எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன். "துணிதான் அக்கா. ஒட்டகம் முக்காடு போட்டு நான் பாத்ததில்ல" என்றான். கேலியாகத்தான் சொன்னான், ஆனால் குரலில் கேலி இல்லை.

போன வருஷம் அந்தப் பக்கம் இரண்டு ஆட்டை அடித்துவிட்டு நின்ற லாரிக்காரனைப் பிடித்துவைத்து, மூன்று நாள் கழித்துத்தான் விட்டார்கள். அங்கே ஆண்பிள்ளை என்றால் தோளில் துப்பாக்கி இருக்கும். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறைக்கப் போவதில்லை.

"காத்துல எங்கேருந்தோ துணி பறந்து வந்திருக்கும். பிரஷர் பாரு."

"பிரஷர்... சரி."

"அப்பக் கிளம்பு."

"கண்ணால பாக்காம நகத்த மாட்டேன் முலு."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு? கிளம்பு!"

"பயமா இருக்கு."

"பயமா இருந்தா கிளம்பித் தொலையேன்யா!"

"கிளம்பத்தான் பயமா இருக்கு" என்றான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வாய்க்குள் திட்டினேன். அவனோ எஞ்சின் கதவைத் திறந்துவிட்டான். ரோப்லே தடுப்பது ரேடியோவில் கேட்டது.

"நீ இரு பெலாச்சு, நான் போறேன். எங்க ஆளுங்க. எங்க தாத்தா பேரச் சொன்னா ஒரு வாய் டீ குடுத்துட்டுத்தான் அடிப்பாங்க."

"கொன்னது நான்."

அந்தச் சமவெளியின் வழக்கம் ரோப்லேவுக்குத் தெரியாதா? ஒருவன் கையால் ஒரு மிருகம் செத்தால் அவனே தன் காலால் நடந்து வந்து, செத்த மிருகத்தின் கழுத்தில் கை வைத்து, தன் பெயரையும் அப்பன் பெயரையும் சொல்ல வேண்டும். வேறொருவனை அனுப்பினால் இல்லை என்று மறுப்பதாக அர்த்தம். மறுத்தால் அது ஒட்டகக் கணக்கோடு நிற்காது, பகையாகிவிடும். அஸ்ராத்தின் இடுப்பு உடைந்தது அப்படித்தான். கடைசியில் ரோப்லே, "நீ போனா உன்னை மட்டும் அடிப்பாங்க. நான் போனா நாளைக்கு எல்லாரையும் அடிப்பாங்க. போயிட்டு வா" என்றான்.

பெலாச்சு வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினான். அதன் சத்தம் என் அறை வரைக்கும் எட்டாது. ரோப்லே எஞ்சினில் இருந்த இன்னொரு வாக்கி டாக்கியை ரேடியோ மைக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். அதனால் எனக்கு எல்லாமே கேட்டது, நான் பேசுவதும் அதன் வழியாகவே அவனுக்குப் போனது. ஜல்லிக்கல் மேல் செருப்பு சரசரக்கும் சத்தம், காற்று, அவன் மூச்சு.

"ஒண்ணு. சக்கரம், அடி, சரி."

வண்டியின் ஓரமாக நடந்துகொண்டு, ஒவ்வொரு வேகனாகக் குனிந்து பார்த்து, விரல் நீட்டிச் சொல்கிறான். பார்க்காமலே அந்த இரண்டு விரல் எனக்குத் தெரிந்தது.

"ரெண்டு. சக்கரம், அடி, சரி."

பதினாலாவதில் நின்றான்.

"முலு, இருக்கியா?"

"இருக்கேன்யா. நட."

"அஸ்கலேகிட்ட ஒண்ணும் சொல்லாதே."

"சொல்ல என்ன இருக்கு? நீ தெனமும் பயப்படறதுதானே."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பதினஞ்சு" என்றான்.

இருபத்திரண்டாம் வேகனில், "மணல் அடங்கிடுச்சு. ஆளுங்க தெரியுது. நாலு பேரு. துப்பாக்கி இருக்கு" என்றான்.

"திரும்பி வந்துடு!"

"திரும்பினா முதுகுல சுடுவாங்க. போனா நெஞ்சுல. பாதிக்கு மேல வந்தாச்சு முலு."

என் சம்புசா மேசைமேல் ஆறிக்கிடந்தது. அவன் எண்ண எண்ண என் உதடும் எண்ணியது. இருபத்தேழு, சரி. இருபத்தெட்டு, சரி. மூச்சு வாங்கியது. முப்பது, சக்கரம், அடி, சரி.

"முப்பத்தொண்ணு. சக்கரம்..."

அப்புறம் ஆண்கள் கத்தும் சத்தம், என்னவோ கீழே விழும் சத்தம், ஒரு கிளிக். அவ்வளவுதான்.

"பெலாச்சு! பெலாச்சு!" என்று நான் கத்தினேன். ரோப்லேயும் கத்தினான்.

ஐந்து நிமிடத்தில் தலைநகரத்திலிருந்து தொலைபேசி. தலைமைக் கட்டுப்பாட்டில் இருந்த ஹைலு சார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் வேலை அப்படி.

"எவ்வளவு நேரமா நிக்குது?"

"நாப்பது நிமிஷம் சார்."

நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "உதவி டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கில்ல? அவனை வண்டிய எடுத்துக்கிட்டு அடுத்த ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு. பெலாச்சுவைக் கூட்டிட்டு வர போலீஸ் வண்டி அனுப்பறேன்."

"சார், அவரு அங்க..."

"முலுநேஷ், விதைக்கிற காலம். முப்பத்தஞ்சு வேகன் உரம். ரெண்டு மணி நேரம் தாண்டினா நாப்பது பேர் பொழப்பு போச்சு. ஒருத்தருக்காக நாப்பது பேரா? அங்க கூட்டம் சேர்ந்தா வண்டியையே கொளுத்துவாங்க. உத்தரவு குடு."

சொன்னதில் என்ன தப்பு? ஒவ்வொரு வார்த்தையும் நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயம்தான் எனக்குக் குலை நடுக்கம் தந்தது. எனக்கும் வேலை வேண்டும். என் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். மேலே இருந்து வந்த உத்தரவை மீறினால் கன்ட்ரோல் அறைக்குள் என்னை மறுபடி விடமாட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இந்தப் பக்கம் ரோப்லே: "அக்கா, ரெண்டு பேரு எஞ்சினப் பாத்து ஓடி வர்றாங்க. கல்லு விழுது. கண்ணாடில விரிசல் விட்டுடுச்சு. நான் வண்டிய நகத்துற பிடியில கை வெச்சிட்டேன். சொல்லுக்கா, எடுக்கவா?"

மைக் பொத்தானை அழுத்தினேன். "எடு" என்று சொல்ல வாயையும் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

அப்போது என் காதில் அந்தக் கடைசிச் சத்தம் திரும்பக் கேட்டது. முப்பத்தொண்ணு, சக்கரம். அதற்கு மேல் இல்லை. இந்த ஆளோடு இருபது வருஷம் ஒரே சுவரைப் பங்கு போட்டிருக்கிறேன். ஒரு தடவை சந்தைக்குப் பாதி தூரம் போனவன், பின்வாசலுக்குச் "சரி" சொல்ல மறந்துவிட்டேன் என்று வெயிலில் திரும்பி ஓடி வந்தான்; நான் சந்தெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவன் சரி சொல்லாமல் எதையும் விடமாட்டான். முப்பத்தொன்றுக்கு அவன் சரி சொல்லவில்லை.

"ரோப்லே, கையை எடு" என்றேன்.

"என்னது?"

"பிடியிலிருந்து கையை எடு. முப்பத்தொண்ணுக்குச் சரி வரல. நகத்தாதே. கல்லடிச்சாலும் நகத்தாதே."

தொலைபேசியில் ஹைலு சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன பண்றே நீ?" என்றார்.

"எண்ணி முடியல சார்."

"என்ன எண்ணி?"

"வாயால சரின்னு சொல்லாத வரைக்கும் சரி இல்லன்னு புத்தகத்துல போட்டிருக்கு சார். அதே புத்தகத்துலதான்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தொலைபேசியை வைத்த வேகத்தில் என் காது வலித்தது.

அடுத்து ஒரு சேதி வரும் வரைக்கும் ஆன நேரம் எவ்வளவு என்று பதிவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்: முப்பத்தெட்டு நிமிடம். அதற்குள் நான் நூறு தடவை செத்தேன். பெலாச்சு எப்போதோ சுடப்பட்டுக் கிடக்கிறான், செத்த ஆளின் "சரி"க்காக நான் நாற்பது குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நிமிடம் தோன்றும். அடுத்த நிமிடம் அஸ்கலே முகம் தெரியும். ஒரு தடவை மறுபடி பொத்தானில் விரல் வைத்தேன். எடுத்துவிட்டேன்.

அங்கே ஒருவன் எஞ்சின் படியில் ஏறிக் கண்ணாடியைத் தட்டியிருக்கிறான். ரோப்லே ஜன்னலைத் திறந்து, சலாம் சொல்லி, தன் பாட்டன் பூட்டன் வரைக்கும் ஒப்பித்திருக்கிறான். சோமாலியில் பேச்சு ஓடுவது எனக்குக் கேட்டது. ஒரு வார்த்தை புரியவில்லை. திடீரென்று ரோப்லே பேச்சை நிறுத்தினான். பிறகு அம்ஹாரிக்கில், மெல்ல, "அக்கா... ஆண்டவனே... அக்கா" என்றான்.

"என்னடா? இருக்கானா?"

"முப்பத்தொண்ணுக்கு அடியில உக்காந்திருக்கான்."

நடந்தது இதுதான். குடும்பத்தோடு இடம் மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒட்டகத்தின்மேல் குடிசைக் கம்பும் பாயும் பாத்திரமும். ஓட்டிக்கொண்டு போனவள் கத்ரா என்ற பெண்பிள்ளை. ஒட்டகம் தூக்கி எறியப்பட்டபோது அதன்மேல் இருந்த பாரம் அவள் காலில் விழுந்து எலும்பு முறிந்தது. சிவப்பு முக்காடு காற்றில் போனது. வண்டி நின்றபோது முப்பத்தொன்றாம் வேகன் சரியாக அந்த இடத்தில் நின்றது. அவள் அண்ணன் தம்பிகள் அவளைத் தூக்கி, வேகனுக்கு அடியில், தண்டவாளத்தில் தலை சாய்த்துப் படுக்க வைத்துவிட்டார்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். நிழல். அந்த மதிய வெயிலில், கண்ணுக்கு எட்டிய தூரம் மரம் இல்லாத அந்தச் சமவெளியில், நிழல் என்று இருந்தது எங்கள் வண்டி ஒன்றுதான். அங்கே எது நின்றாலும் அதன் நிழலில் ஆள் உட்காருவான். லாரி நின்றால் லாரிக்கு அடியில். ரயில் நின்றால் ரயிலுக்கு அடியில். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எங்கள் புத்தகத்தை எழுதியவர்கள் ஊரில் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மரம். நிழலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இங்கே அதை ஓட்டுகிற எங்களுக்கும் எழுதிச் சேர்க்கத் தோன்றவில்லை.

குனிந்த பெலாச்சு அவளைப் பார்த்தான். அடுத்த வார்த்தை பேசுவதற்குள் வாக்கி டாக்கியைப் பிடுங்கிவிட்டார்கள். அவளை வெளியே இழுங்கள் என்று கையால் காட்டினான். அவளை எடுத்ததும் இவன் வண்டியோடு ஓடிவிடுவான் என்று அவர்கள் நினைத்தார்கள். அவள் அங்கே இருக்கும் வரைக்கும் வண்டி நகராது என்று ஒருவன் சொன்னானாம். பெலாச்சு சக்கரத்தைக் காட்டினான், அவள் கழுத்தைக் காட்டினான், எஞ்சின் பக்கம் காட்டினான். ஒருவன் துப்பாக்கியை இவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். மொழியும் தெரியாது, ரேடியோவும் இல்லை.

ஆட்டோவில் ஏறப் பயப்படுகிற பெலாச்சு, தவழ்ந்து வேகனுக்கு அடியில் போனான். சக்கரத்துக்கும் அவளுக்கும் நடுவில், தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்துகொண்டான். வண்டி நகர்ந்தால் முதலில் இவன் மேல்தான் ஏறும். அவளே இவன் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அதைப் பார்த்த பிறகுதான் அவள் அண்ணனுக்கு விஷயம் உறைத்தது. ஆனாலும் இருபது நிமிடத்துக்கு மேல் யோசித்தார்கள். பிறகு அவர்களே அவளை வெளியே எடுத்தார்கள். இவனைச் செத்த ஒட்டகத்திடம் கூட்டிப் போனார்கள். கழுத்தில் கை வைத்தான். "பெலாச்சு, அஸ்ராத் மகன்" என்றான். இரண்டாவது பெயரைச் சொல்லும்போது அழுதுவிட்டதாகக் கத்ராவின் அண்ணன் சொன்னான். பெலாச்சு இல்லை என்கிறான்.

அவன் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தையும் என் ரேடியோப் பதிவையும் பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான் "எடு" என்று சொல்ல வாய் திறந்தபோது அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். ரோப்லேயின் கை பிடியில் இருந்தது.

வாக்கி டாக்கி கைக்கு வந்ததும் அவன் பேசிய முதல் வார்த்தை, "முப்பத்தொண்ணு. சக்கரம், அடி, சரி." அடுத்தது, "முப்பத்திரெண்டு." மிச்சம் நாலையும் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினுக்கு நடந்தான். கத்ராவையும் அவள் அண்ணனையும் எஞ்சினிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மொத்தத் தாமதம் இரண்டு மணி ஐம்பது நிமிடம். பெருந்தவறு.

விசாரணைக்கு ஐந்து பேர் வந்தார்கள். பதிவைப் போட்டுக் காட்டினார்கள். "பயமா இருந்தா கிளம்பித் தொலையேன்யா" என்று என் குரல் அறை முழுக்கக் கேட்டது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அஸ்கலே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றுவரை அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஐந்து பேரில் ஒருவர் நல்லவர். பெலாச்சுவுக்கு வழி செய்து கொடுக்கப் பார்த்தார். "ஓர் உயிரைக் காப்பாத்தணும்னு தைரியமா இறங்கினீங்க. அப்படித்தானே?"

"இல்ல சார். பயந்துட்டேன்."

"எதுக்குப் பயந்தீங்க?"

"நகத்திட்டுப் போயிட்டேன்னா, அது என்ன துணின்னு சாகற வரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருக்கணுமேன்னு."

கிடைத்த வழியையும் கெடுத்துக்கொண்டான் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

வெளிநாட்டு டிரைவர்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வர ஆள் இல்லையாம். எல்லாரும் வேறு வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். தொண்ணூறு நாள் கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்கு எஞ்சின் மிஞ்சியது. பெலாச்சுவை லைனிலிருந்து எடுத்து, யார்டில் வேகன் கோக்கிற வேலைக்குப் போட்டார்கள். என்னை எச்சரித்து எழுதினார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரு தாள் வந்தது. நடுவழியில் நின்ற எந்த வண்டியையும், டிரைவர் கடைசி வேகன் வரைக்கும் நடந்து, ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து பார்த்து, வாய்விட்டுச் சரி சொல்லாமல் நகர்த்தக் கூடாது. மூன்று மொழியில் அச்சடித்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் எங்கள் ஊரில் பிறந்த முதல் விதி அதுதான். யாருடைய பெயரும் இல்லை. பெலாச்சு அதைப் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை ஒண்ணு இருக்கு" என்றான்.

அந்தத் தாளைப் படம் எடுத்து மா வாத்தியாருக்கு அனுப்பினான். நாலாம் நாள் குரலில் ஒரு செய்தி வந்தது. நானும் அஸ்கலேயும் பக்கத்தில் இருந்தோம். அதே உடைந்த அம்ஹாரிக்: "பெலாச்சு. உங்க நாட்டுல நான் பதினோரு தடவ இடிச்சேன். பதினோரு தடவையும் உடனே எடுத்தேன். ஒரு தடவகூட இறங்கிப் பாத்ததில்ல." பெலாச்சு போனைக் கவிழ்த்து வைத்தான். அஸ்கலே காபிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்க மறந்து, கொட்டையெல்லாம் கருகிப்போனது.

இப்போது வண்டி எங்கே நின்றாலும் டிரைவர்கள் இறங்கி நடந்துகொண்டே எண்ணுகிறார்கள். சிலர் முணுமுணுத்துக்கொண்டு, சிலர் பாட்டு மாதிரி. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முப்பது வரைக்கும் சம்புசா தின்பேன், பக்கத்தில் இருப்பவளோடு பேசுவேன். முப்பத்தொன்று வரும்போது மைக்கை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். "சரி" என்று காதில் விழும் வரைக்கும் அந்தக் கையை நான் நம்புவதில்லை.